காந்திமதி ஊற்றிய பிளீச்

மாமனார் ராமையாவின் திதிக்கு இன்னும் ஒரு நாள்தான். தினேஸ்வரிக்கு வயிறு எரிந்தது. சமையலை நினைத்தல்ல, கக்கூஸை நினைத்து.

வருஷா வருஷம் இதே கூத்துதானே! ஈப்போவிலிருந்து நாத்தனார் காந்திமதி வருவாள். வந்ததும் வராததுமாகக் கக்கூஸுக்குள் நுழைவாள். மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, பந்தியில் இருக்கிற சொந்தபந்தமெல்லாம் கேட்கிற மாதிரி, "ஐயோ, இந்த ஜம்பான் பீங்கான் கலரப் பாருங்க லா! என் தம்பிக்கு வாச்ச அழுக்கி!" என்பாள். அப்புறம் தன் பையிலிருந்து பிளீச் போத்தலை எடுத்து முழுசையும் உள்ளே கவிழ்ப்பாள். "இப்படித்தான் கழுவணும், கத்துக்க."

போன திதியில் அதைக் கேட்டுவிட்டு மகள் ஷாமினி, "அம்மா, நீ அழுக்கியா?" என்றாள். அன்றைக்குத் தொண்டையில் சிக்கிய சோறு தினேஸ்வரிக்கு இன்னும் இறங்கவில்லை.

அழுக்காம்! ரப்பர் தோட்டத்தை மூடின பிறகும் இந்தப் பழைய வீட்டுக்குக் கிணற்றுத் தண்ணிதான். துரு வாடை அடிக்கிற சிவப்புத் தண்ணி. அவளும் தேய்க்காத தேய்ப்பா? பிரஷ் தேய்ந்தது, கை தேய்ந்தது, கறை மட்டும் அசையவில்லை. புருஷன் ஜெயபாலனிடம் சொன்னால், "அக்கா சுபாவம் தெரிஞ்சதுதானே, விடு லா" என்பான். விடுவாளாம்! பேச்சு வாங்குகிறவளுக்குத்தானே வலி.

காலையில் பின்வாசலில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு வைத்திருந்த தகரத் தட்டில் புளித்தண்ணி வழிந்தது. வழிந்த இடத்தில் துரு கரைந்து ஓடியது. தினேஸ்வரியின் கை நின்றது. எழுந்துபோய் வேறொரு துருப்பிடித்த தகரத்தில் பிளீச்சை விட்டுப் பார்த்தாள். அந்தத் துரு கறுத்து இறுகிப்போனது.

"அடிப்பாவி காந்திமதி!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள்.

பிளீச்சோடு புளிப்பு சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் என்று தெரியும். அதனால் பழைய மிச்சம் ஏதும் இருந்தாலும் போகட்டும் என்று முதலில் கக்கூஸில் வாளி வாளியாகத் தண்ணி ஊற்றிக் கழுவினாள். புளியைக் கொதிக்க வைத்து, சமையலுக்கு வைத்திருந்த சுக்கா வினிகரையும் அதில் கலந்து, பழைய துணியை நனைத்துக் கறைமேல் ஒட்டினாள். சாமி விளக்குக்கு எடுத்த புளி. சாமி கோவித்தால் கோவிக்கட்டும், அவருக்கும் என் பாடு தெரியும். மத்தியானம் துணியை எடுத்து உப்புப் போட்டு, காந்திமதியை நினைத்துக்கொண்டே தேய்த்தாள். நினைக்க நினைக்கக் கைக்குப் பலம் வந்தது. செம்மண் கரைசலாக ஓடிய தண்ணிக்கு அடியில் பீங்கான் வெள்ளையாகத் தெரிந்தது.

மறுநாள் காந்திமதி உள்ளே போனாள். வெளியே வந்தபோது கை மூக்கில் இல்லை.

"ஜெயா, புது ஜம்பான் போட்டியா? நான் கத்துனது இப்பதான் உறைச்சிச்சு!"

ஜெயபாலன் இளித்துக்கொண்டே தலையை ஆட்டினான். ஆட்டினானே, அந்தத் தலையைத் திருகிவிடலாம்போல் இருந்தது அவளுக்கு.

சாம்பார் வாளியைத் தொப்பென்று வைத்தாள். "புதுசு இல்லக்கா. நீங்க பொறந்து வளந்த வீட்டு ஜம்பான்தான். கறையும் உங்க வீட்டுக் கறைதான், நான் வாரப்பவே இருந்துச்சு. நீங்கதான் வருஷா வருஷம் பிளீச்ச ஊத்தி ஊத்தி அத இறுக்கி வச்சீங்க. நான் புளி போட்டு எடுத்தேன்."

காந்திமதியின் பையிலிருந்து பிளீச் போத்தல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

ஷாமினி இலையிலிருந்து நிமிர்ந்தாள். "அப்ப அழுக்கி நீங்களா அத்த?"

தினேஸ்வரி அவளை அடக்கவில்லை. மகளுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.