ஒரு போட்டிக்குத் தாங்கும் ஸ்பிரிங்

மெர்ல் தன் துப்பாக்கிக் கடைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து முதலில் எடுத்து வைத்தது, போர்க்காலத்துப் பூச்சு கொஞ்சமும் போகாத ராணுவப் பிஸ்டல். ஆர்டித் அதைத் தொடக்கூட இல்லை. அலமாரியில் வைத்துக் கும்பிடுகிறவர்களுக்கு அதை விற்றுக்கொள், எனக்குச் சுடுகிறதாகக் கொடு என்றாள். அவள் வாய்க்கு அந்தப் பென்சில்வேனியா ஊரே பயப்படும்.

அவள் கணவன் வெண்டல் அவள் விரல்களையே பார்த்தான். அவள் கைகளில் தசை கரைந்துகொண்டிருந்தது. வசந்தம் வருவதற்குள் கரண்டி பிடிப்பதே கஷ்டமாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொந்தப் பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்துக் குண்டேற்ற அவளால் இப்போதே முடியவில்லை. பழைய ராணுவப் பிஸ்டல்களுக்கென்றே நவம்பரில் துப்பாக்கிக் கிளப்பில் நடக்கும் போட்டியில் இந்த ஒரு தடவை அவள் சுட்டுவிட வேண்டும். அவனுக்கு வேறு ஆசை இல்லை.

மெர்ல் இரண்டாவதை நீட்டினான். மூன்று தொழிற்சாலைகளின் பாகங்களை ராணுவக் கிடங்கில் ஒன்றாய்ச் சேர்த்தது. சேகரிக்கிறவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆர்டித் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். குண்டைச் சுழற்றிவிடும் வரிகள் தேயவே இல்லை. ஸ்லைடை இழுத்தாள். சுலபமாக வந்துவிட்டது. குழந்தை மாதிரி சிரித்தாள். மறுபடி இழுத்தபோது சிரிப்பு நின்றது.

"மெர்ல், இந்தத் தொளதொள ஸ்பிரிங்கை யாரு போட்டது?"

மெர்ல் காப்பிக் கோப்பையைப் பார்த்தான். அவளால் இழுக்க முடியட்டும் என்று முந்தின நாள் வெண்டல் வந்து கெஞ்சி மாற்றச் சொன்ன ஸ்பிரிங் அது.

"நாந்தான் ஆர்டி," என்றான் வெண்டல்.

"ஸ்லைடு அடிச்சு அடிச்சே பிஸ்டல் விரிசல் விட்டுப் போகுமே. தெரியாதா உனக்கு?"

"ஒரு போட்டிக்குத் தாங்கும்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை நாளும் அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்றே இருவரும் பேசிவந்தார்கள்.

ஆர்டித் கோபப்படவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. சரியான ஸ்பிரிங்கையே போட்டுவிடு என்று மெர்லிடம் சொன்னாள். பிறகு வெண்டலின் கையைப் பிடித்து, அதில் பிஸ்டலை வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாய் மடித்துப் பார்த்தாள்.

"உனக்கு நல்லாப் பொருந்துது. நவம்பர்ல நீ சுடு, நான் பக்கத்துல உக்காந்து திட்டுறேன். நான் இல்லாதப்பவும் நீ போய்ச் சுடணும். என் ஞாபகம்னு இதைச் சுவத்துல மாட்டிராத."

ஸ்பிரிங் தேடுகிற சாக்கில் மெர்ல் பின்னறைக்குப் போய்விட்டான். வெண்டல் கடை என்றும் பாராமல் அழுதான்.