நான்காம் மாடியில் காய்ந்த சட்டை

மூன்றாவது கருத்துக் கேட்புக் கூட்டத்தன்று, நகராட்சி மண்டபத்தில் வைத்திருந்த அட்டைக் கட்டடத்தின் ஏழாம் மாடியில் யாரோ துணி காயப் போட்டிருந்தார்கள். ஆற்றங்கரையில் எழும்பப்போகும் குடியிருப்பின் மாதிரி அது. ஒரு மேசைக்குள் அடங்கும். அடுத்த வாரத்துக்குள் எல்லா மாடிகளிலும் அரிசி உயர ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். முன்பணம் கட்டாமல் எப்படி வந்தீர்கள் என்று கேட்டுக் கட்டுமானக் கம்பெனி அதிகாரி மாதிரியின் வாசலில் நோட்டீஸ் ஒட்டினார். வேறு எதற்கும் அவர் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்த இடத்தில் அப்போதிருந்த கரையோர வீட்டு வரிசையில் குடியிருந்தவர்கள் இடத்தைக் கொடுப்பதில்லை என்று ஒரே பிடியாக நின்றவர்கள். பாதிப் பேருக்கு மேல் சம்மதித்தால் வரிசையே இடிபடும். அதனால் அட்டைக்குள் இருப்பது யார் என்பது பெரிய விஷயமாயிற்று. கடிகாரம் பழுது பார்ப்பவர் தன் லென்ஸைக் கொண்டுவந்தார். முகம் பிடிபடவில்லை, துணி பிடிபட்டது. கொடியில் தொங்குவதை வைத்தே இன்னார் விலைபோய்விட்டார் என்று முடிவு கட்டினார்கள். மேடையில் தொண்டை கிழியக் கத்திய மீன் வியாபாரியின் கட்டம் போட்ட போர்வை ஏழாம் மாடியில் தெரிந்ததிலிருந்து, அவர் எழுந்தாலே கூட்டம் இருமியது. பிறகு வரிசையில் ஒருவரும் வெளியே துணி காயப் போடவில்லை. அறைக்குள் காய்ந்த துணியின் நாற்றத்தோடு கூட்டத்துக்கு வந்து, ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கம்பெனிக்காரன் ஒரு துரும்பைக்கூட அசைக்க வேண்டியிருக்கவில்லை.

எதிர்ப்புக்குத் தலைவி படகு பழுது பார்ப்பவள். கீழே பட்டறை, மேலே அவளும் தையல்காரத் தங்கையும். தாய் தகப்பன் போன பிறகு தங்கையைத் தூக்கி வளர்த்தவள். லென்ஸ் அவள் கைக்கு வந்தபோது நான்காம் மாடியில் ஒரு மஞ்சள் சட்டை தெரிந்தது, அதன் இடது தோளில் தார்க்கறை. அந்தத் தாரைச் சிந்தியவளே அவள்தான்.

"நான் எதுலயும் கையெழுத்துப் போடலக்கா. சட்டை நம்ம பீரோலதான் இருக்கு, வந்து பாரு" என்றாள் தங்கை.

"பீரோல இருக்கறது எனக்கும் தெரியும். அங்க எப்படிப் போச்சு?"

"எனக்கென்னக்கா தெரியும்?"

"தெரியாதவ மூஞ்சியா இது?"

அன்று மாலையே தங்கையின் தையல் மிஷினை அக்கா தெருவில் இறக்கி வைத்தாள். தங்கை கெஞ்சவில்லை. அக்கா குணம் தெரிந்தவள், ஒரு தள்ளுவண்டி பிடித்துக்கொண்டு போனாள்.

கடைசிக் கூட்டத்தில், சம்மதம் இல்லாதவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். முன்வரிசைகளில் ஒரு கையும் எழவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் முந்திக்கொண்டிருப்பான் என்ற பயத்தில் ஒவ்வொருவரும் ஏற்கெனவே தனித்தனியாகப் போய் ஒப்புக்கொண்டிருந்தார்கள். சொந்தத் தங்கையே விற்றபின் யாருக்காகப் போராடுவது என்று அக்காவும் போய்க் கையெழுத்துப் போட்டிருந்தாள். பின்வரிசையில் ஒரே ஒரு கை எழுந்தது. அக்கா திரும்பிப் பார்த்தாள். தங்கையின் கை.

வரிசை இடிபட்டது, குடியிருப்பு எழுந்தது. வீடு இழந்தவர்களுக்குக் குலுக்கல் போட்டதில், லென்ஸில் யார் எங்கே தெரிந்தார்களோ அங்கேயே வீடு விழுந்தது. அதை யாரும் ஒரு பேச்சாக எடுக்கவில்லை. அக்காவை மட்டும் எந்த ஜன்னலிலும் எவரும் பார்த்ததில்லை. தனக்கு ஒதுக்கியதை வாங்காமல் அவள் கீழ்க்கரையில் கொட்டகை போட்டுக்கொண்டாள்.

அந்த அட்டைக் கட்டடம் மண்டபத்திலேயே தங்கிவிட்டது. அக்கா வாரம் ஒருமுறை லென்ஸை இரவல் வாங்கிக்கொண்டு அதன் நான்காம் மாடியைப் பார்க்க வருவாள். ஒருநாள் மண்டபத்துக் காவலாளிக்குப் பொறுக்கவில்லை.

"நேர்லயே போய்ப் பாக்கலாமேம்மா. பாலத்தத் தாண்டினா வீடு."

"போய்த் தட்டினா அவ திறப்பாளான்னு தெரியலண்ணே. இதுல தட்டறதுக்குக் கதவே கிடையாது."

அவர் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். அன்றிலிருந்து அக்கா அதில் உட்கார்ந்து, தன் மூச்சுப் பட்டுத் தங்கை தைத்துக்கொண்டிருக்கும் துணி பறந்துவிடக் கூடாதென்று, வாயைப் பொத்திக்கொண்டு பார்ப்பாள்.