டாக்டர் வரும்வரை

1

பெண்ணுடலின் வரலாறு என்பது காத்திருப்பின் வரலாறு.

இந்தக் கதையை இப்படித்தான் தொடங்கியிருந்தேன். வெந்நீர் வாளிக்குள் காலை விட்டபடி அக்கா படித்துப் பார்த்தாள். "வரலாறு இருக்கட்டும்டா, அந்தத் துண்டை எடு" என்றாள். கதையே அவளிடமிருந்து திருடியதுதான் என்பதால் எடுத்துக் கொடுத்தேன்.

2

அக்கா பத்தொன்பது வருட நர்ஸ். இப்போது பெண்கள் நலப் பிரிவில் நர்ஸ் பிராக்டிஷனர் ஆவதற்குப் பயிற்சி. அதாவது, டாக்டருக்காகக் காத்திராமல் தானே பரிசோதித்து, தானே மருந்து எழுதலாம். இரண்டு மணி வரை வார்டு, பிறகு வகுப்பு, பிறகு வீடு. இரண்டு வருடமாகத் தூக்கம் பேருந்தில்தான்.

(வெட்டிய வரி: "அவளது வெண்ணிற உடையில் விடியலின் முதல் கதிர்—" உடை நீலம். கதிர் விழ அங்கே ஜன்னலும் இல்லை.)

3

செய்முறைத் தேர்வு. உள்பரிசோதனை செய்து காட்ட வேண்டும். மேசைமேல் பிளாஸ்டிக் பொம்மை. எதிரே தேர்வாளர் அம்மா, கையில் மதிப்பெண் தாளோடு. பதினைந்து நிமிடம். தவறினால் இரண்டு வருடமும் போச்சு.

அக்கா கை கழுவினாள். விளக்கைத் திருப்பினாள். தட்டில் கருவிகளை அடுக்கினாள். பொம்மையைப் போர்வையால் மூடினாள். பிறகு தலைமாட்டுக்குப் போய்க் கையை நீட்டினாள்.

"பயப்படாதீங்கம்மா. வலிச்சா என் கையப் பிடிச்சுக்குங்க."

அப்படியே நின்றாள். நாலு நிமிடம் நின்றாள்.

"என்ன சிஸ்டர்?"

"எல்லாம் ரெடி, மேடம்."

"அப்ப ஆரம்பிக்க வேண்டியதுதானே?"

"டாக்டர் இன்னும் வரலையே..."

(இதை வாசகர் நம்ப மாட்டார் என்று பயந்து ஒரு பக்கம் உளவியல் எழுதினேன். அக்கா சுருக்கமாக முடித்தாள்: "பத்தொன்பது வருஷம் அங்கயே நின்ன காலுடா. அதுவா போய் நின்னுடுச்சு.")

4

முடிவு அ: சுதாரித்து, டாக்டர் நிற்கும் கால்மாட்டுக்கு வருகிறாள். கனகச்சிதமாக முடிக்கிறாள். கைதட்டல்.

"யாரு தட்டினது? பொம்மையா?"

முடிவு ஆ: தோற்று, பழைய வார்டின் பணிவிடையிலேயே மகத்துவத்தைக் கண்டு—

"அத எழுதினே, இந்த வாளி உன் தலையில."

கால்மாட்டுக்கு வந்தது நிஜம். பரிசோதனையைச் செய்ததும் நிஜம். ஆனால் முடித்தபிறகு மணி அடித்ததா, மணி அடித்தபிறகு முடித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சொல்வார்களாம். பாஸா ஃபெயிலா என்பதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்த வாளிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு எனக்கு எழுத வரவில்லை.

தேர்வாளரின் தாளை அக்கா எட்டிப் பார்த்தாளாம். 'நோயாளியிடம் கனிவு' என்ற கட்டத்தில் மட்டும் பத்துக்குப் பத்து.

அந்தப் பொம்மை இடுப்பிலிருந்து தொடை வரைதான். தலை கிடையாது. பிடித்துக்கொள்ளக் கையும் கிடையாது.