தூங்க வைத்த வண்டி

வேன் நல்லதா, பிக்கப் நல்லதா என்று இப்போது யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இருக்காது. உள்ளங்கை வியர்ப்பதை யாரும் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். இத்தனைக்கும் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை ஆரம்பித்தவளே நான்தான்.

நாங்கள் ஐஸ்கிரீம் செய்து விழாக்களுக்குக் கொடுக்கிறவர்கள். செய்வது நான், கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வீட்டுக்காரர். எங்களிடம் இருந்தது ஒரு பழைய பிக்கப். பின்னால் திறந்த தொட்டி, முன்னால் ஒரே நீள இருக்கை. அதில் அவர், நான், நடுவில் எங்கள் ஏழு வயது மகள். அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். அவர் கியர் மாற்றும்போதெல்லாம் அவள் முட்டியை ஒதுக்க வேண்டும். நடுவில் பெல்ட் கிடையாது. அவர் பிரேக்கில் கால் வைத்தால் போதும், என் கை தானாகவே அவள் நெஞ்சுக்குக் குறுக்கே போய்விடும். ஒவ்வொரு பயணமும் முடியும்போது எனக்குத் தோள்பட்டை விண்விண்ணென்று வலிக்கும்.

பயப்படுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கேஸை மூடினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவேன். வாலு தும்மினால் எனக்குக் காய்ச்சல் வரும். வீட்டுக்காரர் எனக்கு வைத்திருக்கும் பெயர் சைரன். ஒருமுறை நெஞ்சு படபடத்து மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்கே போனோம். எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர் சிரித்தார். "உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா. பயம்தான். படபடப்பு வந்தா கண்ணை மூடுங்க, மூச்சை ஆழமா இழுங்க, நாலு எண்ணி விடுங்க. தானா அடங்கிடும்." அன்றிலிருந்து அது எனக்கு மருந்தாகிவிட்டது. இழு, எண்ணு, விடு. அடங்கவும் செய்யும்.

வேன் பேச்சு வந்தபோது வீட்டுக்காரர் ஒரேயடியாக மறுத்தார்.

"பிக்கப்னா எதை வேணாலும் தூக்கிப் போடலாம். ஃபிரீசரை நிக்க வெச்சே கொண்டு போலாம், வேன்ல படுக்கப் போட்டா கம்ப்ரஸர் போயிடும். பால் கொட்டினா குழாயைத் திறந்து கழுவி விட்டுடலாம். மெத்தைக்குள்ள போன பால் ஆறு மாசத்துக்கு நாறும்."

"பால் நாறுறது பெரிசா, பிள்ளை கண்ணாடியில போய் மோதுறது பெரிசா?"

"இதுவரைக்கும் மோதினாளா?"

"மோதின பிறகு வாங்கலாம்ங்கறீங்களா?"

இதற்கு மேல் எந்த மனிதனால் பேச முடியும்? சரி, ஒரு வேனைப் பார்ப்போம் என்றார். பழைய வண்டி வாங்கி விற்கும் என் தம்பி, கைமாற வந்திருந்த ஒரு வேனை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். "ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க மாமா. அக்காவுக்குப் பிடிச்சா வெச்சுக்கோங்க, இல்லன்னா திருப்பிக் குடுங்க."

பிடிக்காமல் என்ன? முன்னிருக்கைக்குப் பின்னால் இருந்த நடு இருக்கையில் பெல்ட் இருந்தது. கதவு சறுக்கித் திறந்தது. சாத்தினால் ஊர் இரைச்சல் அப்படியே வெளியே நின்றுவிட்டது. பின்னிருக்கையை மடக்கினால் எங்கள் பெட்டிகள் அனைத்தும் அடங்கின. மழைக்குத் தார்ப்பாய் கட்ட வேண்டாம். நான் பெல்ட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, கல்யாணமான பிறகு முதல் தடவையாக ஒரு வண்டிக்குள் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பெட்டிகள் என்றால், ஐஸ்கிரீம் பெட்டிகளோடு டிரை ஐஸ் பெட்டிகளும்தான். பார்க்க வெள்ளைக் கட்டி, தொட்டால் சுடும், அவ்வளவு குளிர்ச்சி. சாதா ஐஸ் மாதிரி தண்ணீராக உருகாது. வெள்ளையாகப் புகைந்து குறைந்துகொண்டே போகும், கடைசியில் பெட்டி காலியாக இருக்கும். ஐஸ் பேக்டரிக்காரர் முதல் நாளே எங்களுக்கு இரண்டு எச்சரிக்கை சொல்லியிருந்தார். வெறுங்கையால் தொடக் கூடாது. மூடியை டேப் போட்டு இறுக்கக் கூடாது, பெட்டி வெடித்துவிடும். எனக்குச் சொல்ல வேண்டுமா? ஒவ்வொரு முறையும் வண்டி கிளம்பும் முன் ஒவ்வொரு மூடியையும் நானே லேசாகத் தூக்கி வைத்துவிட்டுத்தான் ஏறுவேன்.

வேனில் முதல் சவாரி கொஞ்சம் தள்ளி ஒரு பிறந்தநாள் வீட்டுக்கு. ஒரே ஒரு சின்னப் பெட்டி ஐஸ். கால்மணி நேரப் பயணத்தில் ஒரு அதிசயம் நடந்தது. பகலில் கண் மூடியே அறியாத வாலு, பிக்கப்பில் வாய் மூடாமல் பேசிக்கொண்டு வருகிறவள், பாதி வழியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

"தூங்கிட்டா!" என்றேன், குழந்தைக்கு முதல் பல் முளைத்த மாதிரி.

வீட்டுக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "சரி, சைரன் ஜெயிச்சாச்சு. வேனையே வெச்சுக்கலாம்."

இறங்கும்போது எழுப்பியதற்கு வாலு சிணுங்கினாள். எனக்கும் லேசாகத் தலை வலித்தது. புது வண்டி வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்தபோது ஐஸ் குறைந்திருந்தது.

"மீதி எங்க போச்சு?" என்று வாலு எட்டிப் பார்த்தாள்.

"காத்தோட காத்தா போச்சு" என்றார் அவள் அப்பா.

"எங்க?"

"நைநைங்காதே, இறங்கு" என்றேன் நான். அவள் கேட்டதற்கு அன்றைக்கே எங்கள் இருவரில் ஒருவர் ஒழுங்காகப் பதில் தேடியிருக்கலாம்.

மூன்றாம் நாள் ஒரு பெரிய அலுவலகத்தின் ஆண்டு விழா. நானூறு கப். முப்பது கிலோ டிரை ஐஸ், நான்கு தெர்மாகோல் பெட்டிகளில். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்குக் கிளம்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. வாலுவை நடு இருக்கையில் வைத்து பெல்ட்டை இறுக்கினேன். மூடிகளைத் தளர்த்தினேன். வாலு பொத்தானை அழுத்திக் கண்ணாடியை ஏற்றி இறக்கி விளையாடினாள்; கை மாட்டிக்கொள்ளும் என்று நான் கத்த, அவர் தன் பக்கத்துப் பொத்தானால் எல்லாக் கண்ணாடிகளையும் பூட்டினார். எங்களுக்கு முன்னால் ஒரு லாரி கரும்புகை கக்கிக்கொண்டு போனது. பிள்ளைக்கு ஆகாதே என்று, வெளிக்காற்று உள்ளே வராமல் தடுக்கும் ஏசி பொத்தானை நான்தான் அழுத்தினேன். இதோ, இந்த விரலால்.

மழையில் சாலை நகரவேயில்லை. பத்து நிமிடம் போயிருக்கும்.

"அம்மா, தலை வலிக்குது."

"கண்ணை மூடிக்கோ கண்ணு. தூங்கினா சரியாயிடும்."

சொல்லி முடித்ததும் எனக்குப் படபடப்பு வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. எவ்வளவு மூச்சு இழுத்தாலும் போதவில்லை, இன்னும் வேண்டும் வேண்டும் என்றிருந்தது. கழுத்தெல்லாம் வியர்வை. எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. பெல்ட் உள்ள வண்டி, சாத்திய கதவு, ஆமை வேகம், இன்னும் என்னடி பயம் உனக்கு? கண்ணை மூடினேன். ஆழமாக இழுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. விட்டேன். மறுபடி இழுத்தேன்.

அடங்கவில்லை. கூடியது.

"என்னங்க, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"ஆரம்பிச்சிட்டியா" என்றார். ஆனால் அவர் குரல் குழறியது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்குவதைத் துடைக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தார். திரும்ப வேண்டிய சந்தைத் தாண்டிப் போனோம். "சந்து போயிடுச்சுங்க" என்றேன். "எது?" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடி, "எது?"

மனிதர் சிரிக்கவில்லை. என்னைக் கேலிகூடச் செய்யவில்லை. அதுதான் என்னைக் கிலி பிடிக்க வைத்தது.

திரும்பிப் பார்த்தேன். பெட்டிகளின் மூடி இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை மெல்ல வழிந்து, கீழே இறங்கி, இருக்கைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தது. பிக்கப்பில் அது எங்களுக்குப் பின்னால் தொட்டியில் இருக்கும். வண்டிக்குள் அதை நான் பார்த்ததே இல்லை. வாலுவின் தலை பெல்ட்டுக்கு மேல் தொங்கியது. வாய் திறந்திருந்தது.

தூங்குகிறாள் என்று நினைக்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா?

"வாலு!" அசையவில்லை. "வாலு!" கையை நீட்டி முழங்காலைக் கிள்ளினேன். சொரணையே இல்லை.

"வண்டியை நிறுத்துங்க!"

"மழை..." என்றார்.

கண்ணாடிப் பொத்தானை அழுத்தினேன். பூட்டியிருந்தது. மறுபடி அழுத்தினேன். என் கை என் பேச்சைக் கேட்கவில்லை, விரல்கள் கட்டையாக இருந்தன. என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை, சத்தியமாகப் புரியவில்லை. இது பயமோ வேறு எதுவோ, இந்த வண்டிக்குள் இனி ஒரு நொடி இருக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது. கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்திலும் மூன்று தடவை பார்க்கிற நான், ஓடிக்கொண்டிருந்த வண்டியின் கதவைத் திறந்தேன்.

மழையும் காற்றும் முகத்தில் அறைந்தன. அவர் திடுக்கிட்டு பிரேக் போட்டார். வண்டி நடைபாதையில் ஏறி நின்றது. நான் இறங்கவில்லை, விழுந்தேன். எழுந்து சறுக்குக் கதவை இழுத்தேன். புகை என் கால்மேல் கொட்டியது. நான் மூன்று தடவை இழுத்து இறுக்கிய பெல்ட் இப்போது கழல மாட்டேன் என்றது. இந்தப் பாழாய்ப்போன பெல்ட்டுக்காகவா நான் சண்டை போட்டேன்? நகம் பிய்ந்தது. கடைசியில் ஒரு சத்தத்தோடு விட்டது.

ஈர நடைபாதையில் பிள்ளையைக் கிடத்தினேன். உதடு சாம்பல் நிறமாக இருந்தது. எதிரே டயர் கடைக்காரர் குடையோடு ஓடிவந்தார். "குடை வேணாம், தள்ளுங்க, காத்து வரட்டும்!" என்று அலறினேன். வீட்டுக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். நான் கன்னத்தில் அடித்தேன். பெற்ற பிள்ளையை அந்த மாதிரி அடித்ததில்லை. மழை அவள் திறந்த வாய்க்குள் விழுந்தது.

இருமினாள்.

பிறகு இன்னொரு இருமல், பிறகு அழுகை. அவள் பிறந்த அன்று கேட்ட அழுகையைவிட இதுதான் எனக்கு இன்றும் காதில் நிற்கிறது.

டயர் கடைக்காரர் தன் வண்டியில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "வண்டில என்ன இருந்தது?" என்று கேட்டார் அங்கிருந்த டாக்டரம்மா. சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அந்தப் புகை மூச்சுக் காற்றை விரட்டிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும், அதை அடைத்த வண்டிக்குள் வைக்கவே கூடாது என்றார். "படபடப்பு, மூச்சு வாங்குறது, எல்லாம் அதனாலதான். உடம்பு கூப்பாடு போடும். யாருக்காவது முதல்ல தெரிஞ்சிருக்கணுமே?"

வீட்டுக்காரர் என்னைக் கை காட்டினார். "இவதான் நிறுத்தினா."

எல்லோரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போகலாம் போலிருந்தது. பிள்ளை தலை வலிக்கிறது என்றபோது, அவளைக் கண்ணை மூடித் தூங்கச் சொன்னவள் நான். என் உடம்பு கூப்பாடு போட்டபோது அதை அடக்கி, அந்தப் புகையையே ஆழமாக இழுத்து நான்கு எண்ணியவள் நான். பிறகு கேட்டதற்கு ஐஸ் பேக்டரிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உங்களுக்கு அதைச் சொல்லணும்னே தோணலம்மா. நீங்க பிக்கப்ல தானே வருவீங்க!"

வேனைத் தம்பி வந்து எடுத்துப் போனான். எது உபயோகமான வண்டி என்று எங்கள் வீட்டில் அதன்பிறகு பேசவில்லை. பழைய பிக்கப்பில், பழைய நீள இருக்கையில், மறுபடி மூன்று பேர். நடு இடத்துக்கு ஒரு பெல்ட் மட்டும் பொருத்திக்கொண்டோம். இரண்டு கண்ணாடியும் மழையானாலும் இறங்கியே இருக்கும். ஐஸ் பின்னால் திறந்த தொட்டியில் தன்பாட்டுக்குப் புகைந்துகொண்டு வரும்.

போன வாரம் ஒரு சவாரி முடிந்து வெறும் பெட்டிகளோடு திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில், நல்ல காற்று. வாலு அன்று பள்ளியில் ஓட்டப் பந்தயம் ஓடிக் களைத்திருந்தாள். பேசிக்கொண்டே வந்தவள் பாதிப் பேச்சில் நிறுத்தி, என் தோளில் சாய்ந்தாள். மூச்சு சீராக வந்தது. என் கை அவள் மூக்குக்குக் கீழே போய் நின்றது. ஒன்றுமில்லை, வெறும் தூக்கம்தான், பிள்ளை பாவம், விட்டுவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்தத் தடவை பயப்படக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் வேகத்தைக் குறைத்தார். சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், கியர் மேலிருந்த கையை எடுத்து அவள் முழங்காலில் வைத்தார்.

"எழுப்பு" என்றார்.