வெள்ளம் கேறின கார்

என் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த காருக்குள் மழை பெய்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெளியே மழை விட்டு வெயில் அடித்த பிறகும் முன்சீட்டுக்கு அடியில் தண்ணீர் தளும்பிக்கொண்டு கிடக்கும். காலை வைத்தால் சளக் என்று சத்தம் வரும். புத்தம் புதுக் கார்! சீட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட நாங்கள் முழுசாகக் கிழித்திருக்கவில்லை.

மழை பெய்யும்போதெல்லாம் என் மாமியார் மரியம்மா முற்றத்துக்கு வந்து காரின் கதவைத் திறந்து பார்ப்பார். "ஏடி சுமி, ஒனக்க அப்பன் எங்களுக்கு காரு தந்தாரா, வள்ளம் தந்தாரா?" என்பார். மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் விஜயம்மா சேச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். என் அப்பா ஜோக்கிம் பொழியூரில் வள்ளம் இறக்கிக் கடலுக்குப் போகிறவர். கடல்காரன் வீட்டுப் பெண் என்பதை எனக்கு ஞாபகப்படுத்த அந்த வீட்டில் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. முகத்தைக் கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் அடுக்களைக்குள் போய்விடுவேன்.

கார் வேண்டும் என்று கேட்டதும் அவர்கள்தான். என் கணவர் ரெனில் பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். தனுவச்சபுரத்தில் வீடு. வாத்தியார் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனால் மதிப்பு இல்லையாம். திருவனந்தபுரத்தில் பதிவு செய்தால் கல்யாணத்துக்குள் கார் கைக்கு வராது என்றார்கள். அதனால் அப்பா திருநெல்வேலிக்குப் போய் வாங்கி வந்தார். ஒரு வருஷத்துக்குள் எது கேடானாலும் கம்பெனியே சரியாக்கித் தரும் என்று அங்கே சொன்னதை, அப்பா பூசையில் பாதிரி அச்சன் சொன்ன வார்த்தை மாதிரி நம்பினார்.

"அதுக்கு எதுக்கு நீ கரையுத மக்கா? வாரண்டி உண்டு. கொண்டு காணிச்சா போதும்" என்றார், நான் அழுதுகொண்டு போய்ச் சொன்னபோது.

முதல் தடவை அப்பா, ரெனில், நான் மூன்று பேரும் திருநெல்வேலிக்குப் போனோம். சர்வீஸ் கவுண்டரில் சதாசிவன் என்று ஒருவர் இருந்தார். சேலத்துக்காரர். கழுத்தில் டை, மரியாதையான பேச்சு. ரெனில் எங்களோடு நிற்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்த புதுக் கார்களைப் பார்ப்பதுபோல நாலடி தள்ளி நின்றார். அப்பாவின் மடித்துக் கட்டிய வேட்டியும், அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரலும் அவருக்குக் குறைச்சல். எனக்கு அது தெரிந்தது, எரிச்சலாகவும் வந்தது. ஆனாலும் எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று நானும் பார்த்துக்கொண்டேன்.

"சொல்லுங்க ஐயா, வண்டில என்ன பிரச்சினை?" என்று கேட்டார் சதாசிவன்.

"வண்டிக்குள்ள வெள்ளம் கேறுது சாறே" என்றார் அப்பா.

சதாசிவன் நிமிர்ந்து பார்த்தார். "வெள்ளமா? எப்போ வந்துச்சு?"

"இந்த ஐப்பசி மழையிலயாக்கும்."

"எவ்வளவு தூரம் ஏறுச்சு?"

"கணுக்கால் முங்கும்."

"அடடா. அப்போ வண்டி எங்க நின்னுட்டிருந்துச்சு?"

"இவளுக்க வீட்டு முத்தத்துல. வேற எங்க நிக்க?"

"ஐயோ பாவம். வீட்டுக்குள்ளயும் வந்துருச்சா?"

"வீட்டுக்குள்ள ஒரு சொட்டு கேறாது. நல்ல ஓடாக்கும் போட்டிருக்கு" என்றார் அப்பா பெருமையாக.

சதாசிவன் கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டு, வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். எவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார் என்று எனக்கு அவர்மேல் மரியாதைகூட வந்தது.

அதன் பிறகு நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! பாறசாலை டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டால், சார் சாப்பிடப் போயிருக்கிறார். மறுபடி கூப்பிட்டால், சார் மீட்டிங்கில் இருக்கிறார். அடுத்த நாள், எந்த வண்டி, எந்த ஊர் என்று ஆதியிலிருந்து கேட்பார்கள். கடைசியில் வண்டி ரெடி என்றார்கள். போய்ப் பார்த்தால் நன்றாகக் கழுவி, உள்ளே வாசனை அடித்து வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் ரிப்பேர். காலுக்குப் போடும் மிதியடியைக் காணோம். அதுவரை பாடிக்கொண்டிருந்த ரேடியோவும் வாயை மூடிவிட்டது. திரும்பி வரும்போது மார்த்தாண்டத்தில் மழை பிடித்தது. களியக்காவிளை தாண்டுவதற்குள் என் சேலைக் கரை நனைந்துவிட்டது.

இரண்டாம் தடவை போனபோது சதாசிவன் லீவு. மற்றவர்கள் அவர் வந்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார்கள். காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு அப்படியே திரும்பினோம். எங்களைவிட பெரிய காரில் வந்தவர்களுக்கெல்லாம் டீ கொண்டு வந்து கொடுத்தார்கள். எங்கள் பக்கம் அந்தத் தட்டு வரவே இல்லை.

இதற்குள் நனைந்து நனைந்து காருக்குள் ஒரு பூஞ்சை நாற்றம் பிடித்துவிட்டது. மாமியார் மூக்கைச் சுருக்கினார். "ஒனக்க அப்பன் இதுல மீன் கேத்திக்கிட்டு போனாரா?" என்றார். என் அப்பா அந்தக் காரின் பின்சீட்டில் உட்காரும்போதுகூட துண்டை விரித்து அதன்மேல் உட்காருகிறவர். நான் சும்மா இருக்கவில்லை, பதிலுக்குப் பதில் பேசினேன். அதோடு மாமியார் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவையும் சரியாக்கித் தரேலன்னா, அந்தக் கார பொழியூருக்கே கொண்டு விடு. கூட நீயும் அங்கயே நின்னுக்கோ. சொல்லிட்டேன்."

ரெனில் அப்போது சோறு தின்றுகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

மூன்றாம் தடவை போகும்போது நான் வழியெல்லாம் செபமாலை சொன்னேன். கவுண்டரில் நல்ல கூட்டம். சதாசிவன் எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார்.

"ஐயா, மேனேஜர் முடியாதுன்னுட்டார். வெள்ளத்துல மாட்டுன வண்டிக்கு வாரண்டி கிடையாது."

"அதுக்குத்தான சாறே வாரண்டி? வெள்ளம் கேறாம இருந்தா நாங்க எதுக்கு இஞ்ச வாறோம்?" என்றார் அப்பா.

"புது வண்டிய வெள்ளத்துல விட்டுட்டு வந்து கம்பெனி மேல பழியப் போட்டா எப்படிங்க?"

"நாங்க எங்கயும் கொண்டு விடேல. அது தானா கேறுது."

வரிசையில் நின்ற ஒருவர், "இதெல்லாம் ஏமாத்து வேலை சார், இன்சூரன்ஸுக்கு வேற போவாங்க" என்றார். இன்னொருவர் சிரித்தார். அத்தனை பேரும் எங்களைத் திருடர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்பா ஒன்றும் புரியாமல் இவர் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடலில் எத்தனை கோளையும் புயலையும் பார்த்த மனுஷன்! அங்கே அவர் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

சதாசிவனுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தினார். "ஐயா, ஒண்ணு பண்ணலாம். வெள்ளம்னு நீங்க சொல்லவே இல்லை, நான்தான் தப்பா எழுதிட்டேன்னு வச்சுக்கலாம். சரின்னு சொல்லுங்க. மேனேஜர்கிட்ட பேசிப் பாக்கறேன்."

"அதெப்படி சாறே?" என்றார் அப்பா. "சொன்னது நானாக்கும். சொன்னத சொல்லேலன்னு எப்படி சொல்லுவேன்?"

அதுவரை கண்ணாடியோரம் நின்ற ரெனில் ஓடி வந்தார். "மாமா, சும்மா சரின்னு சொல்லுங்க" என்று பல்லைக் கடித்தார்.

"இல்ல மருமோனே. ஒரு காருக்காச்சுட்டி நான் கள்ளம் சொல்ல மாட்டேன்."

எனக்கு அந்த நேரத்தில் அப்பாமேல் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் என் வாழ்க்கை நிலைக்கும், அதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று இருந்தது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் திரும்பினார்.

"மக்ளே, குடிக்க இத்திரி வெள்ளம் தருவியா?"

அந்தப் பெண் மிரண்டுபோய் சதாசிவனைப் பார்த்தாள். சதாசிவன் அப்பாவைப் பார்த்தார்.

"குடிக்க என்ன வேணும்?"

"வெள்ளம் சாறே. தொண்டை காயுது."

"வெள்ளத்தையா குடிப்பீங்க?"

எனக்கு அப்போதுதான் உச்சியில் அடித்தாற்போல விளங்கியது. நான் பத்தாம் வகுப்புவரை மலையாளத்தில் படித்தவள். எங்களுக்குக் கிணற்றில் இருப்பதும் குடத்தில் இருப்பதும் வெள்ளம்தான். ஊரை அடித்துக்கொண்டு போகிற வெள்ளத்துக்கு எங்கள் வாயில் வேறு பெயர். மேஜைமேல் இருந்த தண்ணீர் ஜக்கைக் கையில் தூக்கிக்கொண்டு கத்தினேன்.

"இதாக்கும் சார் வெள்ளம்! இதத்தான் எங்க அப்பா சொல்லுதாரு. மழை பெஞ்சா வண்டிக்குள்ள இது ஒழுகுது!"

அத்தனை பேரும் ஜக்கைப் பார்த்தார்கள். பிறகு சதாசிவன் தலையில் அடித்துக்கொண்டார். "கடவுளே, தண்ணியா! தண்ணியத்தான் சொன்னீங்களா!" என்று ஓடி வந்து அவரே டம்ளரில் ஊற்றி அப்பாவிடம் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவும் சிரித்து, குடித்த தண்ணீர் புரையேறிக் கண் கலங்கினார்.

அதற்கப்புறம் காரியம் மடமடவென்று நடந்தது. கார்மேல் குழாய் வைத்துத் தண்ணீர் பீய்ச்சினார்கள். முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் ஒரு மூலையில் சரியாக உட்காரவில்லை. இவ்வளவுதான் விஷயம்! புது ரப்பர் போட்டார்கள், ரேடியோவையும் பாட வைத்தார்கள். எங்களுக்கு டீயும் வந்தது.

நாங்குநேரி தாண்டியதும் நான் சும்மா வேடிக்கையாகத்தான் கேட்டேன். "நீங்க தமிழ் வாத்தியார்லா? சதாசிவன் சார் வெள்ளம்னு எத நெனச்சாருன்னு ஒங்களுக்கும் வெளங்கேலயா?"

ரெனில் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். "மொதல் நாளே தெரியும்."

என் காதில் தப்பாக விழுந்துவிட்டது என்று நினைத்தேன். "என்னது?"

"அத்தனை பேருக்க நடுவுல நின்னு, எங்க ஊர்ல தண்ணிய வெள்ளம்னு சொல்லுவோம்னு நான் சொல்லணுமா? தமிழ் வாத்தியாருன்னு வேற சொல்லிக்கிட்டு? அவனுவ சிரிச்சத பாத்தேல்லா? எனக்கு நாணமா இருந்தது, விடு."

பின்சீட்டில் துண்டை விரித்து அப்பா உட்கார்ந்திருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். கேட்டிருக்காது என்று நம்ப ஆசைப்பட்டேன். ஆனால் ரேடியோகூட அப்போது பாடவில்லை. இந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என் அப்பாவை அத்தனை பேர் முன்னால் கள்ளனாக நிற்க விட்டிருக்கிறார். மாமியார் என்னை வீட்டை விட்டு இறங்கச் சொன்னபோதும் தெரிந்துகொண்டே சோறு தின்றிருக்கிறார். இவருடைய மதிப்புக்காகவா நான் அப்பாவின் வேட்டியை யார் பார்க்கிறார்கள் என்று கவனித்தேன் என்று நினைக்க நினைக்க எனக்கே என்மேல் அருவருப்பாக வந்தது. 

வீட்டில் மாமியார் முற்றத்திலேயே காத்துக்கொண்டு நின்றார். "என்ன ஆச்சு? செய்து தந்தானுவளா?"

"தராம? வாரண்டி விதி எல்லாம் எடுத்து நான் பேசினேன். பயந்துபோய் செய்து தந்துட்டானுவ" என்றார் ரெனில், சாவியைச் சுழற்றிக்கொண்டே.

"அதான் பாத்தேன். படிச்சவன் ஒருத்தன் கூட வேணும்" என்றார் மாமியார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆங்காரம் வந்ததோ. "பச்சைக் கள்ளம்!" என்று கத்தினேன். "இவரு வாயே தொறக்கேல. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு மிண்டாம நின்னாரு. அப்பாவாக்கும் காரியத்த நடத்தினாரு. கேளுங்க மாமி, அப்பாட்டயே கேளுங்க!"

மதிலுக்கு மேலே விஜயம்மா சேச்சியின் தலை தெரிந்தது. மாமியாரின் முகம் கறுத்துவிட்டது. ரெனில் என்னைப் பார்த்த பார்வையில் இனி இந்த வீட்டில் எனக்கு என்ன காத்திருக்கிறது என்பது எழுதியிருந்தது. நான் பயப்படவில்லை. என் பக்கம் பேச அப்பா இருக்கிறார்.

"அப்படியா ஜோக்கிம்?" என்று கேட்டார் மாமியார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். என்னைப் பார்த்தார், ரெனிலைப் பார்த்தார்.

"இல்ல. மருமோன் பேசினதுனாலயாக்கும் காரியம் நடந்தது" என்றார். "இவ தூரத்துல நின்னா. சின்னப் பிள்ளைல்லா, இவளுக்கு ஒண்ணும் வெளங்கியிருக்காது."

"கேட்டியா?" என்று மாமியார் என் பக்கம் திரும்பினார். "கெட்டினவனப் பத்தி ஒனக்கு இப்படி கள்ளம் சொல்ல நாணம் இல்லையாடி?"

நான் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் படியோரம் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு செருப்பை மாட்ட அவ்வளவு நேரம் ஆகாது.