எழிலரசி காட்டிய கல்

1

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு மோட்டார் கொட்டகைக்குப் படியாகப் போட்டிருந்த கருங்கல்லில், வில் பிடித்த கை ஒன்றைப் பார்த்தேன். கை மட்டும்தான், ஆள் இல்லை. இந்தக் கதை அங்கே கிடைத்தது. மற்றதெல்லாம் கேட்டதும், நானாகச் சேர்த்ததும்.

2

'1996ஆம் ஆண்டு, வரலாற்றில் எம்.ஏ. முடித்த எழிலரசி என்னும்...' (வேண்டாம். வேலைக்கு மனு போட்ட மாதிரி இருக்கிறது.)

எழிலரசிக்கு நடுகல் பைத்தியம். சண்டையில் செத்தவனுக்கு ஊர் நட்ட கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் போன நூலகத்தில் பரீட்சை கைடுகள்தான் இருந்தன. சென்னைக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். வீட்டில் விடவில்லை. கடைசியில், செங்கம் சாலையில் ஒரு டீக்கடை மாடியில் ஞாயிறுதோறும் வரலாற்றுக் குழு ஒன்று கூடுவது தெரிந்து போனாள். எல்லாரும் ஆண்கள். தலைவர் புகழேந்தி, கல்லூரி ஆசிரியர். வெயிலில் அலைய வேண்டியிருக்கும் என்று நயமாகத் தட்டிக்கழித்தார்.

"எங்க மாமா கொல்லையில ஒரு கல்லு இருக்குதுங்க. எழுத்தும் இருக்குது" என்றாள்.

உடனே நாற்காலி வந்தது.

3

(புகழேந்தியைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. கேட்ட புத்தகத்தையெல்லாம் இரவல் தந்தார். அந்த மாதங்களில் அவள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.)

மாமா அப்பாதுரையிடம் கெஞ்சி அனுமதி வாங்கியது அவள்தான். குழு வந்து கடலைக்கொல்லையில் கல்லைக் கழுவி, மை ஒற்றித் தாளில் படியெடுத்தது. மாடு மீட்கப்போய்ச் செத்தவனின் பெயரை அவளே எழுத்துக்கூட்டிப் படித்தாள். பேப்பரில் செய்தி வந்தது. கூடவே ஊரில் பேச்சும் கிளம்பியது: கல் இருக்கிற நிலத்தை கவர்மெண்ட் எடுத்துக்கொள்ளுமாம். அப்பாதுரைக்கு அந்தக் கொல்லையை விட்டால் வேறு நிலமில்லை. நிலம் போகாது என்று நேரில் வந்து மாமாவுக்கு எடுத்துச் சொல்லும்படி புகழேந்தியிடம் கேட்டாள். குடும்ப விவகாரத்தில் குழு தலையிடாது என்றார்.

அந்த வாரமே மாமா ஆள் வைத்துக் கல்லை உடைத்துவிட்டார். அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது வீரன் துண்டு துண்டாகக் கிடந்தான்.

"நீ படிக்கிறதுக்கு என் நெலம்தான் கெடைச்சுதாம்மா?" என்றார் மாமா. கோபமாகக்கூட இல்லை.

4

முடிவு ஒன்று: அதன்பிறகு அவள் குழுவுக்குப் போகவேயில்லை. (பொய். அவளுக்குப் போக வேறு இடம் ஏது?)

முடிவு இரண்டு: ஞாயிற்றுக்கிழமை மாடியேறி நடந்ததைச் சொன்னாள். எல்லாரும் வருந்தினார்கள். தாளில் எடுத்த படி பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதே என்றார்கள். பிறகு புகழேந்தி கேட்டார்: "உங்க சொந்தக்காரங்க நெலத்துல வேற கல்லு எதுனா இருக்காம்மா?"

இருந்தது. அவள் அப்பாவின் நெல் வயலில், வரப்போரம்.

இல்லை என்று எழுதிப் பார்த்தேன். அதோடு அவள் படிப்பு முடிந்துபோனது. இருக்கிறது என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். டீ வந்துவிட்டது. எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்களே சொல்லுங்கள்.