கோ அண்ட் கம்

கோபிச்செட்டிபாளையத்தை விட்டு அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊருக்கு வந்து மூன்று வருஷமாகியும், யாராவது வாசலில் நின்று ‘போகிறேன்’ என்று மொட்டையாகச் சொன்னால் ‘போய் வருகிறேன் என்று சொல்’ என்று தாமரைச்செல்வி திருத்தாமல் விடமாட்டாள். சந்திர மண்டலத்துக்கே குடிபோனாலும் இது நம்மவர்களை விடாது.

அவள் வேலை பார்த்த பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்த மைத்தே இதையெல்லாம் எங்கே கண்டாள்? ஸ்பெயின் தேசத்துப் பெண். பாஸ்கெட்பால் ஆடுவதற்காகவே யுனிவர்சிட்டியில் படிப்புச் செலவைக் கொடுத்து வரவழைத்திருந்தார்கள். நாலு வருஷம் வெளுத்துக்கட்டியவள், கடைசி சீசனில் இடது முழங்காலில் தசைநாரை அறுத்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து தேறிக்கொண்டிருந்தாள். பெண்களுக்கென்று புதிதாக லீக் தொடங்கியிருந்த காலம். டெக்சாஸ் அணி ஒன்று மே கடைசியில் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தது. அதில் தேறினால் ஆட்டமே பிழைப்பு. இல்லையென்றால் விசா முடிந்து ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மைத்தேயின் இங்கிலீஷ் அரையும் குறையும். சிகிச்சை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு “ஐ கோ” என்பாள். செல்வி பதறிப்போய், “அப்படிச் சொல்லாதே, கோ அண்ட் கம்” என்று திருத்துவாள். அவள் சிரிப்பாளே தவிரத் திருந்தவில்லை. கடைசியில் செல்வியே தோற்றுப்போய், அவள் “ஐ கோ” என்றதும் “கோ அண்ட் கம்” என்று தானே சொல்லி அனுப்ப ஆரம்பித்தாள். அதுவே பழகிப்போனது.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை. செல்வி ஒரு கிழவரின் காலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் டிரெட்மில் தடதடவென்று ஓடியது. கதவருகில் மைத்தே ஏதோ சொன்னாள். செல்வியின் காதில் “ஐ கோ” என்ற கடைசி இரண்டு வார்த்தைதான் விழுந்தது.

“கோ அண்ட் கம்” என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

திங்கட்கிழமை மைத்தே ஊன்றுகோலோடு வந்தாள். முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது.

“யார் உன்னை ஆடச் சொன்னது?” என்று செல்வி சத்தம் போட்டாள்.

மைத்தே விழித்தாள். “நாளைக்கு ஜிம்மில் பத்து நிமிஷம் ஆடப் போகட்டுமா என்று கேட்டேனே. போய் வா என்றாயே.” குற்றம் சொல்கிற குரலே இல்லை. செல்விக்கு அதுதான் தாங்க முடியவில்லை. அடிப்பாவி, நீ சொன்னது காதில் சரியாக விழுந்திருந்தால் காலை உடைத்துப் போட்டாவது உன்னை வீட்டில் உட்கார வைத்திருப்பேனே என்று மனசுக்குள் கதறினாள்.

சாயங்காலம் வீட்டில் புருஷன் நஞ்சுண்டனிடம் சொன்னாள். “நாந்தானுங்க போகச் சொன்னேன். டாக்டர்கிட்டச் சொல்லிப்போடறேன்.”

அவன் தட்டிலிருந்து நிமிரவில்லை. “அந்தப் புள்ள ஏதாச்சும் சொல்லுச்சா?”

“இல்லீங்க.”

“அப்பறம் நீ எதுக்கு அம்மணி சொல்லோணும்? லைசென்ஸ் போனா வேலை போச்சு, வேலை போனா விசா போச்சு. க்ரீன் கார்டு இப்பத்தான் ஃபைல் பண்ணியிருக்குது. நீ சொல்லிட்டா அந்தக் காலு ஒட்டிக்குமா?”

ஒட்டாதுதான். அவன் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாமல் அவள் சாம்பார்ச் சட்டியைக் கழுவினாள்.

புதன்கிழமை சர்ஜன் ஸ்கேன் படத்தோடு வந்தார். தைத்த தசைநார் மறுபடி அறுந்திருந்தது, குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. நடக்கலாம், படி ஏறலாம். ஆட்டம் இனி இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, செல்வியைப் பார்த்தார். “இவளுக்கு அனுமதி கொடுத்தது யார்?”

செல்வி வாயைத் திறந்தாள். க்ரீன் கார்டு நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டாள். என்ன ஜென்மம் இது என்று தன்னையே வெறுத்துக்கொண்டு நின்றாள்.

“யாருமில்லை” என்றாள் மைத்தே. “இவள் வேண்டாம் என்றாள். நான்தான் கேட்கவில்லை.”

சர்ஜன் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக வெளியே போனார். மைத்தே கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து அழுதாள். செல்வி ஐஸ் பையை அந்த முழங்காலில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு மைத்தே மூக்கைத் துடைத்துக்கொண்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“நான் சரியாகச் சொன்னேனா? உன் வேலைக்கு ஒன்றும் ஆகாதே?”